திருடனுக்குக் காலாவதி கிடையாது

இணையத்தளம் கட்டும் தொழிலில் ஒரு சொல் வேதவாக்காகிவிட்டது: குக்கியின் ஆயுளைக் குறைத்தால் பாதுகாப்பு கூடும். தணிக்கை அறிக்கையில் "செஷன் குக்கியின் காலம் மிக நீளம்" என்று ஒரு வரி வருகிறது. அடுத்த நாள் ஓர் இளம் நிரலாளர் உட்கார்ந்து, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு நாள் என்றிருந்ததை 15 நிமிடம் என்று மாற்றுகிறார். அறிக்கையில் அந்த வரிக்கு நேரே "சரிசெய்தாயிற்று" என்று குறிக்கப்படுகிறது. எல்லோரும் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகிறார்கள். நானும் பல ஆண்டுகள் இதைச் செய்தேன், இளையவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அது தவறு என்று இப்போது வெளிப்படையாக எழுதுகிறேன். அந்த ஒரு மாற்றத்தால் எந்தக் கதவும் பூட்டப்படவில்லை. பூட்டவேண்டிய கதவு திறந்தே கிடப்பதை அது பல இடங்களில் மறைத்துவிட்டது.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுலி குக்கியை உருவாக்கியபோது அவர் முன்னிருந்தது ஞாபகம் பற்றிய சிக்கல். சற்றுமுன் ஒரு பக்கத்தைக் கேட்டவரும் இப்போது அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் ஒரே ஆள்தானா என்று சர்வருக்குத் தெரியாது. ஆகவே சர்வர் ஒரு சிறு குறிப்பைப் பிரவுசரிடம் கொடுத்துவைக்கும். அடுத்தமுறை வரும்போது பிரவுசர் அதைக் காட்டும். அந்தக் குறிப்பை எதுவரை வைத்திருக்கலாம் என்று சொல்ல வந்ததுதான் எக்ஸ்பயர்ஸ் என்ற பண்பு. அதையே நொடிக்கணக்கில் சொல்லும் மேக்ஸ்-ஏஜ், 1997இல் ஆர்எஃப்சி 2109 என்ற இணையத் தரநிலை ஆவணம் வழியாக வந்தது. இரண்டுமே பிரவுசரிடம் சொல்லப்படும் வார்த்தைகள்: இந்தத் துண்டுச்சீட்டை இன்ன நேரத்துக்குப் பிறகு கிழித்துப் போட்டுவிடு.

குக்கியைத் திருப்பி அனுப்பும்போது பிரவுசர் பெயரையும் மதிப்பையும் மட்டுமே அனுப்புகிறது. காலாவதி நேரம் கூடப் போவதில்லை. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6265 இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆகவே தன்னிடம் வந்த குக்கி இன்று பிறந்ததா, போன மாதமே செத்திருக்க வேண்டியதா என்று சர்வரால் அந்தக் குக்கியைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

கோயில் வாசலில் செருப்பு விடும் கடையை நினைத்துப் பாருங்கள். எண் பொறித்த வில்லை ஒன்று தருகிறார்கள். 15 நிமிடத்துக்குப் பிறகு இந்த வில்லையைத் தூக்கி எறிந்துவிடுவேன் என்று நீங்கள் மனத்துக்குள் முடிவுசெய்துகொள்கிறீர்கள். அந்த எண்ணை ஒருவன் பார்த்து அதேபோல் ஒரு வில்லை செய்துகொண்டான் என்றால் உங்கள் முடிவால் அவனுக்கு என்ன நட்டம்? அவன் மறுநாள் வந்து வில்லையை நீட்டினாலும் கடைக்காரர் கண்ணுக்குத் தெரிவது எண் மட்டும்தான். அவர் தன் பலகையில் அந்த எண்ணை அழித்திருந்தால்தான் செருப்பு பிழைக்கும். குக்கியின் காலாவதி உங்கள் மனத்தில் இருக்கும் முடிவு. சர்வரில் இருக்கும் செஷன் பதிவுதான் கடைக்காரரின் பலகை. நம் தொழில் பலகையை விட்டுவிட்டு வில்லை வைத்திருப்பவரின் மனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க நிபுணர் வேண்டாம். பெரும்பாலான பிரவுசர்களில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, குக்கிகள் பட்டியலில் காலாவதிக் கட்டத்தை இருமுறை சொடுக்கினால் அடுத்த ஆண்டின் தேதியைத் தட்டச்சு செய்துவிடலாம். மதிப்பை மட்டும் நகலெடுத்து, பிரவுசர் இல்லாமலே பக்கங்களைக் கேட்கும் கர்ல் கட்டளையில் ஒட்டினால் காலாவதி என்ற சொல்லே அங்கே வராது. நல்ல பிரவுசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றும். திருடன் நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் இல்லை.

இதைவிட மோசமான வடிவம் ஒன்று இன்று பரவலாக இருக்கிறது. குக்கிக்குள் வைக்கப்படுவது ஜேடபிள்யூடி என்ற கையொப்பமிட்ட டோக்கன். அந்த டோக்கனுக்குள்ளேயே அதற்கென்று ஒரு காலாவதி எழுதப்பட்டிருக்கும். சர்வர் அதைத்தான் பார்க்கிறது. குக்கிக்கு 15 நிமிடம், உள்ளே இருக்கும் டோக்கனுக்கு 30 நாள் என்று அமைத்த தளங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தணிக்கை செய்தவர் வெளி உறையின் தேதியைப் பார்த்து ஒப்புதல் அளித்துவிட்டார். உறையைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டவனுக்கு முழுதாக ஒரு மாதம் கிடைக்கிறது.

இனி ஜாவாஸ்கிரிப்டுக்கு வருவோம். லாகின் குக்கியின் ஆயுளை ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் குறைக்கும் பழக்கம் பயனற்றதாக மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அது நேரடியாகத் தீங்கு செய்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு குக்கியைத் தொட வேண்டுமானால் அந்தக் குக்கி ஜாவாஸ்கிரிப்டுக்குத் திறந்திருக்க வேண்டும். 2002இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இன் முதல் சர்வீஸ் பேக்கில் ஹெச்டிடிபி-ஒன்லி என்ற குறியைக் கொண்டுவந்தது. பிறகு மற்ற பிரவுசர்களும் ஏற்றுக்கொண்டன. அந்தக் குறி இருந்தால் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் குக்கியைப் படிக்கவோ மாற்றவோ முடியாது. தளத்துக்குள் அயல் ஸ்கிரிப்டை நுழைத்துக் குக்கியைக் களவாடும் தாக்குதலுக்கு எதிராக வந்த தடுப்பு அது. சர்வர் மட்டுமே அந்தக் குறியை இட முடியும், ஜாவாஸ்கிரிப்ட் குக்கியைத் தொடும் வழியான டாகுமென்ட்.குக்கி மூலம் இட முடியாது.

ஆக, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீட்டிக்கவும் குறைக்கவும் ஜாவாஸ்கிரிப்டின் கைக்குக் குக்கி வேண்டும் என்றால் அந்தக் குறியைக் கழற்றிவைக்க வேண்டும். பக்கத்தில் ஓடும் விளம்பர ஸ்கிரிப்ட், அரட்டைப் பெட்டி ஸ்கிரிப்ட், எங்கிருந்தோ இழுத்துவந்த நூலகம் என்று எல்லாவற்றுக்கும் அந்தக் குக்கியைப் படிக்கும் உரிமை கிடைத்துவிடுகிறது. திருட்டைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டே திருடும் வழியைத் திறந்துவிட்டோம். அந்தக் குறி இருந்தாலும் உள்ளே நுழைந்த ஸ்கிரிப்ட் அதே பக்கத்திலிருந்தபடி குறும்பு செய்ய முடியும் என்பது உண்மைதான். ஆனாலும் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போவது வேறு, வீட்டுக்காரர் கண்முன் ஒரு நிமிடம் உள்ளே நடமாடுவது வேறு.

குறுகிய காலம் என்று வந்துவிட்டால் கணக்கும் தடுக்கி விழுகிறது. நாம் எல்லோரும் படித்து நகலெடுத்த ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்காட்டுகள் நாள்கணக்கில் எழுதப்பட்டவை: நாள் எண்ணிக்கையை 24ஆல், 60ஆல், 60ஆல், 1000ஆல் பெருக்கி இப்போதைய நேரத்தோடு கூட்டு. நாள்கணக்கில் போகும்போது பிழை இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. நிமிடத்துக்கு இறங்கும்போதுதான் கால் வழுக்குகிறது.

ஜாவாஸ்கிரிப்டின் டேட் பொருள் மில்லி விநாடியில் எண்ணும். மேக்ஸ்-ஏஜ் விநாடியில் எண்ணும். 15 நிமிடம் என்று நினைத்து 9,00,000 என்ற எண்ணை மேக்ஸ்-ஏஜில் போட்டவரின் குக்கி 10 நாளும் 10 மணி நேரமும் உயிரோடு இருக்கும். நேர்மாறாக, 900ஐ டேட் பொருளோடு கூட்டியவரின் குக்கி ஒரு நொடிகூட வாழாது. அரை நாள் வேண்டும் என்று செட்டேட்டுக்குள் 0.5ஐக் கூட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. அது பின்னத்தை வெட்டி எறிந்துவிடும், குக்கி அந்தக் கணமே காலாவதியாகும். ஜேஎஸ்-குக்கி என்ற பிரபலமான நூலகம் வெறும் எண்ணைக் கண்டால் நாள் என்று எடுத்துக்கொள்ளும். நிமிடம் என்று நினைத்து 15 போட்டால் 15 நாள்.

இவற்றிலெல்லாம் கொடியது நேர மண்டலப் பிழை. எக்ஸ்பயர்ஸ் தேதியைக் கிரீனிச் நேரத்தில் எழுத வேண்டும். அதற்கு டு-யுடிசி-ஸ்டிரிங் என்ற செயற்கூற்றைக் கூப்பிட வேண்டும். அவசரத்தில் டேட் பொருளை அப்படியே சரத்தோடு ஒட்டிவிடுவோம். அப்போது உள்ளூர் நேரமும் அதன்பின் ஜிஎம்டி+0530 என்ற வாலும் எழுதப்படும். ஆர்எஃப்சி 6265 வகுத்த முறைப்படி தேதியைப் படிக்கும் பிரவுசர் அந்த வாலைக் கண்டுகொள்ளாது. மணியை அப்படியே கிரீனிச் மணியாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் காலை 10 மணிக்கு 15 நிமிடத்துக்கென்று எழுதிய குக்கி மாலை 3.45 வரை வாழும். அதே நிரலை நியூயார்க்கில் ஓட்டினால் குக்கி பிறக்கும்போதே பல மணி நேரத்துக்கு முன் செத்ததாகக் கணக்காகும். சென்னை அலுவலகத்தில் எழுதி, சென்னையிலேயே சோதித்து, "நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்று அனுப்பிவைத்த நிரல் அமெரிக்காவில் யாரையும் உள்ளே விடவில்லை என்ற புகாரைத் துரத்தி நான் ஒரு முழு வாரத்தைச் செலவிட்டிருக்கிறேன். பிழையைத் துரத்தி வரும்போது இன்னொன்றும் தெரிகிறது: வைத்த குக்கியின் காலாவதியை டாகுமென்ட்.குக்கியிடம் திருப்பிக் கேட்கவும் முடியாது. அது பெயரையும் மதிப்பையும் மட்டுமே தரும். எழுதியது சரியா என்று நிரலுக்கே தெரியாத ஓர் எண்ணின் மேல் பாதுகாப்பை ஏற்றிவைத்திருக்கிறோம்.

சரி, இந்த 15, 20, 30 நிமிடங்கள் எங்கிருந்து வந்தன? பிஎச்பி மொழியின் இயல்புநிலை 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். அந்த அமைப்பின் பெயரிலேயே ஜிசி என்ற எழுத்துகள் இருக்கின்றன. குப்பை அள்ளுதல் என்று பொருள். இவ்வளவு நேரம் தொடப்படாத செஷன் கோப்பைக் குப்பையாகக் கருதலாம் என்பதே அந்த எண்ணின் செய்தி. ஏஎஸ்பி-டாட்-நெட்டின் இயல்புநிலை 20 நிமிடம், டாம்கேட்டினுடையது 30. ஒவ்வொரு செஷனும் சர்வரின் நினைவகத்தில் இடம் பிடிக்கும். விட்டுவிட்டுப் போனவர்களின் இடத்தைக் காலிசெய்ய ஓர் எல்லை தேவை. வீட்டு வேலைக்கான இந்த எண்கள் கைமாறிக் கைமாறிப் பாதுகாப்பு விதிகளாக வேடம் மாறிவிட்டன.

பணம் செலுத்தும் அட்டைத் துறையின் பிசிஐ டிஎஸ்எஸ் விதியில் 15 நிமிடம் என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அட்டைத் தகவல் அமைப்புகளைக் கையாளும் ஊழியர்களின் கணக்குகளுக்கு. அட்டை வைத்திருக்கும் வாடிக்கையாளரின் கணக்கு அந்த விதிக்குள் வராது. இணையப் பாதுகாப்புக்கான ஓடபிள்யூஏஎஸ்பி அமைப்பின் செஷன் வழிகாட்டியில் மதிப்புமிக்க செயலிகளுக்கு 2 முதல் 5 நிமிடம், ஆபத்து குறைந்தவற்றுக்கு 15 முதல் 30 நிமிடம் என்று எழுதியிருக்கிறது என்பார்கள். எழுதியிருக்கிறது. அதே வழிகாட்டி, இந்தக் காலக்கெடுவைச் சர்வர் பக்கத்தில்தான் நிறைவேற்ற வேண்டும், பயனர் பக்கத்தில் விட்டால் தாக்குபவர் அதை நீட்டித்துக்கொள்வார் என்றும் எழுதியிருக்கிறது. தணிக்கை அறிக்கைகளில் எண்களை எடுத்துப் போடுகிறார்கள். இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2017இல் வெளியிட்ட 800-63பி ஆவணம் இன்னும் நேராகச் சொல்கிறது: குக்கிக்குக் காலாவதி வைப்பது குக்கிகள் குவியாமல் இருப்பதற்காக, செஷனை முடிப்பதற்கு அதை நம்பக் கூடாது. இதற்குமேல் எந்த மேற்கோள் வேண்டும்?

இந்தக் குறுகிய ஆயுளின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். அப்பா கொத்தனார், வீட்டில் கணினி கிடையாது, என் மடிக்கணினியில் அவளே தட்டச்சு செய்தாள். சாதிச் சான்றிதழ் எண், வருமானச் சான்றிதழ் எண், வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீடு, பத்தாம் வகுப்பு மதிப்பெண்கள். வங்கிப் புத்தகத்தை எடுக்க வீட்டுக்கு ஓடிப்போய் வந்தாள். புகைப்படத்தைக் கேட்ட அளவுக்குச் சுருக்கினோம். சமர்ப்பி பொத்தானை அழுத்தியதும் லாகின் பக்கம் வந்து நின்றது. நிரப்பியது ஒன்றும் இல்லை. இரண்டாம் முறையும் அப்படியே. "மாமா, மறுபடி முதல்ல இருந்தா?" என்று கேட்டாள். மூன்றாம் முறை, எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு நான் வாசிக்க அவள் அடித்து, மூச்சுவிடாமல் முடித்தோம்.

பிறகு அந்தத் தளத்தின் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். லாகின் ஆனதும் ஜாவாஸ்கிரிப்ட் 10 நிமிடக் குக்கி ஒன்றை எழுதுகிறது. பிறகு அதைப் புதுப்பிக்கவே இல்லை. நீண்ட படிவத்தை நிரப்பும்போது சர்வருக்கு எந்தக் கோரிக்கையும் போகாது. விரல் ஓயாமல் தட்டச்சு செய்துகொண்டிருப்பவள் தளத்தின் கணக்கில் தூங்கிக்கொண்டிருப்பவள். என்னைப் போன்ற ஒருவர் பக்கத்தில் இல்லாத வீடுகளில் அந்த விண்ணப்பம் என்னவாகியிருக்கும்?

கண் தெரியாமல் திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவர், கை நடுங்கும் முதியவர், ஆங்கிலப் படிவத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பவர் ஆகிய யாவருக்கும் 15 நிமிடம் என்பது பாதி நேரம். இதை உலகம் எப்போதோ உணர்ந்து விதியும் எழுதிவிட்டது. 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 அணுகல் நெறிகளில் 2.2.1 என்ற நெறி, அடிப்படை நிலையான 'ஏ' நிலையிலேயே இருக்கிறது: காலக்கெடு வைத்தால் பயனர் அதை அணைக்கவோ, குறைந்தது பத்து மடங்கு வரை மாற்றவோ வழி வேண்டும், இல்லையேல் முடியுமுன் எச்சரித்து, ஒரு விசையை அழுத்தி நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும், அப்படிப் பத்து முறையாவது நீட்டிக்க விட வேண்டும். இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுநெறிகளும் இந்த அணுகல் நெறிகளைத் தழுவியவைதாம். சத்தமில்லாமல் செத்துப்போகும் குக்கி இவற்றில் எதையும் செய்வதில்லை.

அடிக்கடி லாகின் கேட்பது ஆளைக் களைப்பாக்குவதோடு நிற்பதில்லை. ஒரு நாளில் பத்து முறை பாஸ்வேர்டு கேட்கப்படுபவர் பதினோராவது முறை கேட்பது யார் என்று பார்ப்பதை விட்டுவிடுகிறார். லாகின் பெட்டி எங்கே தோன்றினாலும் கை தானாகத் தட்டச்சு செய்கிறது. போலிப் பக்கம் விரிப்பவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி பெற்ற இரை கிடைக்காது. மைக்ரோசாஃப்ட் தன் நிறுவன அடையாளச் சேவையில் இயல்புநிலையாக 90 நாள் உருளும் காலத்தை வைத்து, அடிக்கடி கேட்பது எதிர்விளைவைத் தரலாம் என்று வெளிப்படையாக எழுதியும் வைத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் நுழைந்தது, ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு அடுத்தடுத்து லாகின் ஒப்புதல் கோரிக்கைகளை அனுப்பி, அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டபோதுதான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். பொதுக் கணினி. பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ ஒருவர் லாக்அவுட் செய்யாமல் எழுந்து போய்விடுகிறார். அவருக்காகவாவது குறுகிய குக்கி வேண்டாமா? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன்; நம் ஊரில் கணினியும் கைபேசியும் பலர் கைமாறும் பொருள்கள். ஆனால் அந்த இருக்கை 15 நிமிடம் காலியாக இருக்காது. வரிசையில் நிற்கும் அடுத்தவர் அடுத்த நிமிடமே உட்காருகிறார், அப்போது குக்கி உயிரோடுதான் இருக்கும். அவர் சொடுக்கும் ஒவ்வொரு சொடுக்கும் பல தளங்களில் அதன் ஆயுளைப் புதுப்பித்தும் விடும். ஒருவேளை இருக்கை காலியாகவே இருந்து குக்கி செத்தாலும், திரையில் விரிந்து கிடக்கும் வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கையும் அங்கேயேதான் இருக்கும். குக்கி அழிந்தால் பக்கம் அழியாது. அந்த மனிதரைக் காக்க வேண்டுமானால் சர்வர் தன் பக்கத்தில் ஓய்வுக் காலத்தை எண்ண வேண்டும். பணம் அனுப்பும்போதும் முகவரி மாற்றும்போதும் மறுபடி அடையாளம் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போய்த் தன் போனிலிருந்து "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்று அழுத்த அவருக்கு ஒரு பொத்தான் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டுக்கும் இங்கே உரிய வேலை இருக்கிறது: நேரம் முடியப்போவதை எச்சரிப்பதும், முடிந்ததும் திரையைத் துடைப்பதும்.

அடுத்து வருவது "இருந்துவிட்டுப் போகட்டுமே" வாதம். குறுகிய ஆயுள் முழுத் தடுப்பு இல்லை என்றாலும் திருடனுக்குக் கிடைக்கும் நேரத்தைக் குறைக்கிறதே என்பது. சர்வர் செஷனைக் குறைத்தால் அந்த வாதத்தில் ஓரளவு பொருள் உண்டு. பிரவுசரில் மட்டும் குறைத்தால் திருடனின் நேரம் ஒரு நொடிகூடக் குறையாது. குக்கி எப்படியெல்லாம் திருடு போயிருக்கிறது என்று பாருங்கள். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியை வெளியிட்டார். காபிக்கடையின் திறந்த வைஃபையில் உட்கார்ந்தபடி பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழையலாம் என்று காட்டியது அது. குக்கி காற்றில் போன அதே கணத்தில் பிடிக்கப்பட்டது. 5 நிமிட ஆயுள் அங்கே என்ன செய்திருக்கும்? அந்த ஓட்டையை அடைத்தது எல்லாப் பக்கங்களையும் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றிய வேலை. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் பறிபோனது. விளம்பரதாரர் அனுப்பியதுபோல் வந்த கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார், உள்ளிருந்த தீநிரல் பிரவுசரின் செஷன் டோக்கன்களை அள்ளிச் சென்றது. பாஸ்வேர்டும் வேண்டியிருக்கவில்லை, இரண்டாம் கட்டச் சோதனையும் வேண்டியிருக்கவில்லை.

பொய்யான நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. அறிக்கையில் "சரிசெய்தாயிற்று" என்று விழுந்த பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. லாக்அவுட் பொத்தான் குக்கியை மட்டும் அழித்துவிட்டுச் சர்வர் செஷனை உயிரோடு விடுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டை மாற்றினாலும் பழைய செஷன்கள் ஓடிக்கொண்டே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே இன்னொன்றைக் கேட்பார்கள். 2024இல் கூகுள் அறிவித்த, கருவியோடு பிணைத்த செஷன் முறையே குறுகிய ஆயுள் குக்கிகளைத்தானே நம்புகிறது? ஆம். அதில் குக்கி சில நிமிடங்களே வாழும். ஆனால் புதுக் குக்கி பெறப் பிரவுசர் ஒவ்வொரு முறையும் ஒரு மறைசாவியால் தன்னை நிரூபிக்க வேண்டும். அந்தச் சாவி கணினியின் பாதுகாப்புச் சில்லுக்குள் இருக்கிறது, அதை நகலெடுத்துப்போக முடியாது. புதுக் குக்கியைச் சர்வர் தருகிறது, பழையதைச் சர்வர் மறுக்கிறது. பயனருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அங்கே காவல் காப்பது சாவி. சாவியை விட்டுவிட்டு நிமிடத்தை மட்டும் எடுத்துவந்து ஜாவாஸ்கிரிப்டில் ஒட்டினால் கிடைப்பது பழைய கதைதான்.

குறுகிய குக்கியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓர் அறிவிப்புப் பெட்டியை மூடியவருக்கு ஒரு மணி நேரம் மறுபடி காட்டாதிருக்க ஜாவாஸ்கிரிப்ட் குக்கி போதும். வேறு தளத்தின் கணக்கால் உள்ளே வருபவருக்கு வழியில் தரும் தற்காலிகக் குறிப்புக்கு 10 நிமிடம் தாராளம். பின்தொடரும் விளம்பரக் குக்கிகளின் ஆயுளை வெட்டுவதையும் நான் வரவேற்கிறேன். 2019இலிருந்து சஃபாரி, ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கிகளுக்கு 7 நாள் வரம்பு வைத்தது நல்ல காரியம். இவற்றிலெல்லாம் குக்கி ஒரு ஞாபகக் குறிப்பு. லாகின் குக்கி ஒரு சாவி. சாவியின் ஆயுளைப் பூட்டு தீர்மானிக்க வேண்டும்.

இதைப் படிக்கும் நிரலாளர்களிடமும் தணிக்கையாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை உங்கள் தளத்தில் லாகின் செய்யுங்கள். குக்கியின் மதிப்பை நகலெடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். லாக்அவுட் பொத்தானை அழுத்துங்கள். நீங்கள் வைத்திருக்கும் 15 நிமிடமும் கழியட்டும், அதற்கு மேல் இன்னொரு மணி நேரமும் போகட்டும். பிறகு அந்த மதிப்பைக் கர்லில் ஒட்டி உங்கள் கணக்குப் பக்கத்தைக் கேளுங்கள். பக்கம் திறந்தால், கையில் இருக்கும் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் சர்வரைச் சரிசெய்யுங்கள்.